கழனித் தண்ணீர் அதிகாரி

பத்தொன்பது வயதில் நான் மண்ணைக் காப்பாற்றப் புறப்பட்டேன். நாட்டைக் காப்பாற்ற அப்போது ஏற்கெனவே நிறையப் பேர் இருந்தார்கள். விடுதலை கிடைத்துச் சில வாரங்கள்தான் ஆகியிருந்தன; மலாக்காவில் திரும்பிய பக்கமெல்லாம் கொடியும் கூட்டமும் ஒலிபெருக்கியுமாக இருந்தது. எல்லா வேலையையும் மற்றவர்களே எடுத்துக்கொண்டுவிட்டார்களே என்ற மனக்குறையோடு காஜா பேராங்கிலிருந்து ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்குச் சைக்கிள் மிதித்துக்கொண்டிருந்த எனக்கு, எங்கள் தோட்டக்கலை விரிவுரையாளர் ஒரு வேலை கொடுத்தார்.

அவர் வெள்ளைக்காரர். வெயிலில் கழுத்து சிவந்து தோல் உரிந்திருக்கும். வெறுங்கையால் மண்ணை அள்ளி மோந்து பார்த்து முகம் மலர்வார். மண்ணிலிருந்து எடுத்ததை மண்ணுக்கே திருப்பித் தரவேண்டும், சமையலறைக் கழிவைச் சாக்கடையில் கொட்டுகிற நாடு தன் பேரப்பிள்ளைகளின் சோற்றைக் கொட்டுகிறது என்று ஒருநாள் வகுப்பில் பேசினார். பிறகு உரக்குழி போடும் முறையைச் சொன்னார். காய்ந்த இலை ஓர் அடுக்கு, கழிவு ஓர் அடுக்கு, மேலே கொஞ்சம் மண், வாரத்துக்கு ஒருமுறை கிளறிவிட வேண்டும். எல்லாவற்றையும் குறிப்பெடுத்துக்கொண்டேன், காய்ந்த இலையைத் தவிர. அவர் அதைச் சொன்ன நேரத்தில், இதே பேச்சை நான் மேடையில் பேசுவதாகவும் முன்வரிசையில் பயிற்சி மாணவிகள் உட்கார்ந்திருப்பதாகவும் நினைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்று மாலையே வீட்டைச் சீர்திருத்தப் போனேன். சீர்திருத்த ஒன்றும் அகப்படவில்லை. எங்கள் வீட்டில் பால் டின் தேநீர்க் குவளையாகும். குவளை துருப்பிடித்தால் ஆணி போட்டு வைக்கும் டப்பாவாகும். பழைய செய்தித்தாள் மளிகைக் கடைக்குப் போகும். அப்பாவின் கிழிந்த கால்சட்டை எனக்குப் புத்தகப் பையாகி, பை கிழிந்ததும் பானை இறக்கும் துணியாகி, கடைசியில் தரை துடைத்துக்கொண்டிருந்தது. எதையும் வீணாக்கக் கூடாது என்று அம்மாவிடம் அரைமணி நேரம் விளக்கினேன். அம்மா தேங்காய் நாரும் சாம்பலும் போட்டுப் பானை தேய்த்துக்கொண்டே கேட்டார். நான் முடித்ததும், சோறு போடவா என்றார்.

வீட்டில் அதற்கு இடமில்லாததால் என்னையே சீர்திருத்திக்கொண்டேன். ஐந்து சொம்புத் தண்ணீருக்கு மேல் குளிப்பதில்லை என்று முடிவெடுத்தேன். ஒரே வாரத்தில் வகுப்பில் என் பக்கத்து நாற்காலி காலியானது. புதுத்துணி வாங்குவதில்லை என்று சபதம் செய்து, கிழியாத சட்டையில் ஓர் ஒட்டுப் போட்டுக்கொண்டேன். ஒட்டு வெளியே தெரியவேண்டும் என்று வேறு நிறத்தில் துணி தேடிப் போட்டேன்.

அப்படியும் ஒரு பொருள் எங்கள் வீட்டைவிட்டு வெளியே போவதைக் கண்டுபிடித்தேன். அது கழனித் தண்ணீர். அரிசி கழுவிய நீர், வடித்த கஞ்சி, காய்கறித் தோல், மிஞ்சிய சோறு குழம்பு எல்லாம் சமையலறைப் பின்படியில் இருந்த மண்ணெண்ணெய் டின்னில் சேரும். பிற்பகலில் ஒரு சீன அம்மா மூங்கில் தண்டின் இரு முனையிலும் டின் தொங்க, பின்பக்கமாக வந்து ஊற்றிக்கொண்டு போவார். இரண்டு தெரு தள்ளி, காய்கறித் தோட்டங்களின் ஓரத்தில் அவர் பன்றி வளர்த்தார். ஒரு தாய்ப்பன்றி, சில குட்டிகள். கணவர் இல்லை, அவருக்குப் பிழைப்பு அதுதான். எங்கள் வரிசையில் பன்னிரண்டு வீடுகள் அவருக்குக் கழனி கொடுத்தன. நான் கால்சட்டை போடப் பழகுவதற்கு முன்பிருந்தே வந்துகொண்டிருந்தவர். அவரும் அம்மாவும் இருவருக்குமே சொந்தமில்லாத ஒரு மலாயில் வெயிலையும் முதுகுவலியையும் பற்றிப் பேசிக்கொள்வார்கள். என்னைத் தம்பி என்று கூப்பிடுவார்.

பன்னிரண்டு வீட்டு மண்வளம் பன்றியின் வயிற்றுக்குள் போகிறது என்று எனக்கு உறைத்தது. இனிமேல் கழனி எனக்கு, பின்னால் குழி வெட்டப் போகிறேன் என்று அம்மாவிடம் அறிவித்தேன். பன்றியும் சாப்பிடத்தானே வேண்டும் என்றார் அம்மா. பதில் சொல்லத் தெரியவில்லை. தெரியாதபோது படித்தவன் செய்வதைச் செய்தேன்.

“இது காலேஜ் உத்தரவும்மா. கவர்மெண்ட் காலேஜ்.”

அப்படி ஓர் உத்தரவே கிடையாது. அம்மா பேச்சை நிறுத்தவேண்டும் என்பதற்காகச் சொன்னது. நிறுத்திவிட்டார். அப்போது அப்பா குடியுரிமைப் பத்திரத்துக்கு மனுப் போட்டிருந்தார். அதிகாரி கேள்வி கேட்டால் பதில் சொல்வதற்காக, சாப்பிட்டு முடித்ததும் சுவரைப் பார்த்து மலாய் பேசிப் பழகுவார். கவர்மெண்ட் என்ற சொல்லுக்கு எங்கள் வீட்டில் எதிர்ப்பேச்சு இல்லாத காலம் அது.

அடுத்து மற்றப் பதினொரு வீடுகள். கழனியை இனி வெளியே கொடுக்காமல் எங்கள் வீட்டுக் குழியில் சேர்க்கவேண்டும் என்று கல்லூரித் தட்டச்சுப் பொறியில் மலாயில் ஓர் அறிவிப்பு அடித்து, கீழே தமிழில் கையால் எழுதினேன். மூலைவீட்டுச் செட்டிக் குடும்பம் எங்களைப் போலவே கோயிலுக்குப் போனாலும் வீட்டில் மலாய் பேசுகிறவர்கள். தமிழ் எழுத்து அவர்களுக்கு உதவாது. வெறும் தாள் எடுப்பாக இல்லை என்று தோன்றியதால் கல்லூரி நூலகத்தின் வட்ட முத்திரையை இரவல் வாங்கி ஓங்கிக் குத்தினேன். பொதுக்குழாய்க்குப் பக்கத்தில் ஒரு பலகை இருந்தது. அதில் குடியுரிமைக்குப் பதிந்துகொள்ளும்படி அரசாங்கம் ஒட்டிய அறிவிப்பு இருந்தது. அதை ஒட்டினாற்போல என்னுடையதை ஒட்டினேன். முத்திரை என்னுடையதுதான் பெரிதாக இருந்தது.

பிறகு வெள்ளைக் கால்சட்டை போட்டு, தலையை வழித்து வாரி, நோட்டுப் புத்தகத்தோடு வீடு வீடாகப் போனேன். குடும்பத் தலைவர் பெயர் என்ன, சாப்பிடுகிறவர்கள் எத்தனை பேர், ஒருநாளைக்கு எத்தனை வேளை சமையல் என்று கேட்டு எழுதிக்கொண்டேன். கேட்டதற்கெல்லாம் பதில் வந்தது. நாற்காலி போட்டார்கள். ஒரு வீட்டில் ஆரஞ்சு சோடா உடைத்துக் கொடுத்தார்கள். என் கொள்கைக்கு இவ்வளவு மரியாதையா என்று மனம் குளிர்ந்துபோனேன். ஓர் அம்மா, ஊரிலிருந்து புதிதாகக் கப்பலேறி வந்திருக்கும் தன் கொழுந்தனையும் கணக்கில் சேர்க்கவேண்டுமா என்று தயங்கிக் கேட்டார். சாப்பிடுகிற எல்லாரையும் சேர்க்கவேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னேன். அதிகாரிக்குப் பயந்து அந்த மனிதரை இரண்டு நாள் தெங்கேராப் பக்கம் தெரிந்தவர் வீட்டில் ஒளித்து வைத்திருந்தார்கள் என்று பின்னால்தான் கேள்விப்பட்டேன்.

அடுத்த நாள் அந்தச் சீன அம்மா வந்தபோது எங்கள் டின் காலியாக இருந்தது. நான் நோட்டுப் புத்தகத்தோடு பின்படியில் நின்றேன். இனிக் கழனி கிடையாது என்று சொன்னேன். ஏன் என்று அம்மாவைப் பார்த்துக் கேட்டார். அம்மா தலையைக் குனிந்துகொண்டு, கவர்மெண்ட் சொல்லிவிட்டது என்று தன் மலாயில் சொன்னார். நான் மறுக்கவில்லை. மாறாக, கணக்கு முழுமையாக இருக்கட்டும் என்று அவருடைய பெயர், வீடு, எத்தனை பன்றி என்று கேட்டு எழுதினேன். அவர் மூங்கில் தண்டைக் கீழே வைத்துவிட்டு, நிமிர்ந்து நின்று எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். முடிந்ததும், சரி துவான் என்றார்.

முந்தின நாள்வரை தம்பி. துவான் என்பது வெள்ளைக்கார அதிகாரியையும் போலீஸ் இன்ஸ்பெக்டரையும் கூப்பிடும் சொல். அந்த அம்மா ஏன் திடீரென்று அப்படிக் கூப்பிட்டார் என்று ஒரு கணம் யோசித்திருந்தால் போதும். நான் யோசிக்கவில்லை. அந்தச் சொல்லைக் கழுத்து மாலையாகப் போட்டுக்கொண்டு ஒரு வாரம் திரிந்தேன்.

குழியைப் பற்றிச் சொல்லவேண்டும். பன்னிரண்டு வீட்டுக் கஞ்சியும் புளிக்குழம்பும் மீன் முள்ளும், ஓர் இலைகூட இல்லாமல், அதில் போய்ச் சேர்ந்தன. அப்புறம் மழைக்காலம் வந்தது. குழி கொப்புளம் விட்டது. புழு வந்தது, புழுவுக்குக் கோழி வந்தது, மீன் முள்ளுக்கு எலி வந்தது. பக்கத்து வீட்டார் பின்பக்க ஜன்னலைப் பலகை வைத்து அடைத்தார்கள். என்னிடம் மட்டும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கொசுவுக்கு எண்ணெய் தெளிக்க வந்த நகராண்மைக் கழக ஆள் மூக்கைப் பொத்திக்கொண்டு, செத்த நாயை ஆழமாகப் புதைக்கவேண்டும் என்று புத்தி சொன்னார். நாய் இல்லை, மண்வளம் என்றேன். அவர் என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, குழி நிறைய எண்ணெயைத் தெளித்துவிட்டுப் போனார். அங்கே இரண்டு ஆண்டுகளுக்குப் புல்கூட முளைக்கவில்லை.

அப்போதே விட்டிருக்கலாம். ஆனால் பன்னிரண்டு வீடும் பார்த்துக்கொண்டிருக்கிறதே. கழனி வந்துகொண்டே இருந்தது, நான் பக்கத்தில் இன்னொரு குழி வெட்டினேன். வெட்டிக்கொண்டிருந்தபோது அம்மா வந்து நின்றார்.

“அந்தச் சீனத்தி தீனி பத்தலன்னு குட்டிங்கள எல்லாம் வித்துருச்சாம்டா. தாய்ப்பன்னி சினையா இருக்கு. அத மட்டுமாச்சும் வச்சிக்கணும்னு வாழத்தண்டு வெட்டிப் போட்டுக்கிட்டு கெடக்கு. நம்ம வீட்டுதயாவது குடுக்கலாம்லா.”

தனிப்பட்ட இரக்கம் நாட்டின் மண்வளத்துக்குக் குறுக்கே வரக்கூடாது என்று நான் பதில் சொன்னேன். பெற்ற தாயிடம் அந்த வாக்கியத்தை அப்படியே சொன்னேன். அம்மா உள்ளே போய்விட்டார்.

புது வருடம் பிறந்து சில வாரம் கழித்து விரிவுரையாளர் எங்கள் வகுப்பை ஒரு காய்கறித் தோட்டத்துக்கு அழைத்துப் போனார். எங்கே என்று முன்கூட்டிச் சொல்லவில்லை. சைக்கிள்கள் காஜா பேராங் பக்கம் திரும்பி, எனக்குத் தெரிந்த தெருக்கள் வழியாக, எனக்குத் தெரிந்த ஒரு துத்தநாகக் கூரைக்கு முன்னால் இருந்த தோட்டத்தில் நின்றன. தோட்டக்காரர் ஒரு சீனப் பெரியவர். அவர் மலாயில் சொல்ல, வகுப்பில் ஒருவன் ஆங்கிலத்தில் சொன்னான். மண் கறுத்துப் பொலபொலவென்று இருந்தது. விரிவுரையாளர் வழக்கம்போல அள்ளி மோந்தார். என்ன உரம் என்று கேட்டார்.

பெரியவர் அந்தத் துத்தநாகக் கூரையைக் காட்டினார். அங்கே ஓர் அம்மா பன்றி வளர்க்கிறார். வீடுகளில் கழனி வாங்கிப் பன்றிக்குப் போடுவார். பன்றிச் சாணம் எனக்கு வரும். என் கீரை அந்த வீடுகளுக்கே போகும் என்றார். விரிவுரையாளருக்குக் கண் பளபளத்தது. பாருங்கள், மூன்று மாதமாக நான் கரும்பலகையில் வரைந்துகொண்டிருந்த வட்டம் இதுதான், எவரும் சொல்லித்தராமல் இந்த மக்களே போட்டு வைத்திருக்கிறார்கள் என்றார். எல்லாரும் குறிப்பெடுத்தார்கள். நானும் எடுத்தேன்.

கடைசிப் பாத்தியில் கீரை ஏன் மஞ்சளாக இருக்கிறது என்று யாரோ கேட்டார்கள். இப்போது சாணம் வருவதில்லை என்றார் பெரியவர். புது அரசாங்கம் இந்த வட்டாரத்தில் கழனி கொடுக்கக் கூடாது என்று உத்தரவு போட்டுவிட்டது. முத்திரை குத்திய தாளைக் குழாயடியில் ஒட்டியிருக்கிறார்கள். ஓர் அதிகாரி வந்து பெயரெல்லாம் எழுதிக்கொண்டு போனார். அந்த அம்மாவுக்கு இன்னும் குடியுரிமைப் பத்திரம் வரவில்லை. போய்க் கேட்டால் மனுவைத் தள்ளிவிடுவார்களோ என்று பயப்படுகிறார். மிச்சம் இருப்பது ஒரு சினைப்பன்றிதான். சீனப் புத்தாண்டுப் பெருநாளுக்கு முன் இறைச்சிக்காரர் வருவார், அதையும் கொடுத்துவிடலாம் என்றிருக்கிறார். பெரியவர் இதைக் கோபமில்லாமல், மழை பெய்யவில்லை என்பதைச் சொல்வதுபோலச் சொன்னார். மொழிபெயர்த்தவன் ஒவ்வொரு வரியாகச் சொல்லச் சொல்ல, விரிவுரையாளரின் கழுத்து இன்னும் சிவந்துகொண்டே போனது.

எந்த முட்டாள் அதிகாரி இப்படி ஓர் உத்தரவு போட்டான் என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, நீ இந்த இடத்துப் பையன்தானே, அவன் யாரென்று உனக்குத் தெரியுமா என்று கேட்டார்.

விசாரித்துப் பார்க்கிறேன் ஐயா என்றேன்.

பெருநாளுக்கு இன்னும் பதினொரு நாள் இருந்தது. அந்தக் கூரை நூறு அடி தூரத்தில் இருந்தது. உள்ளே பன்றி உறுமுவதுகூடக் காதில் விழுந்தது. வகுப்போடு சைக்கிளில் ஏறிப் போய்விட்டேன்.

மறுநாள் குழாயடியில் ஆள் இல்லாத நேரம் பார்த்து அந்த அறிவிப்பைக் கிழித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். உத்தரவு மாறிவிட்டது என்று அம்மாவிடம் சொல்லி, டின்னைப் பின்படியில் மறுபடி வைக்கச் சொன்னேன். மற்ற வீடுகளும் வைத்தன. அந்த அம்மாதான் வரவில்லை. எங்கள் வரிசைக்குள் வராமல் சுற்றுவழியாகக் கடைக்குப் போனார். பலகையில் தாள் இல்லாததால் அவருக்கு என்ன? பெயர் நோட்டில் இருக்கிறதே. நான் போய் ஒரே ஒரு வாக்கியம் சொல்லவேண்டும். அந்த வாக்கியத்தை மலாயில் எழுதி, அடித்து, இலக்கணம் திருத்தி, மறுபடி எழுதினேன். இரண்டு முறை அவர் வீட்டு வேலிவரை போய்த் திரும்பினேன். அவர் திட்டுவார் என்ற பயம் இல்லை. நான் யாருமே இல்லை, சும்மா ஒரு பையன் என்று என் வாயால் சொல்லவேண்டுமே, அதுதான் கூசியது. நாளைக்குப் போகலாம் என்று ஒவ்வொரு நாளும் நிஜமாகவே நினைத்தேன்.

பெருநாளுக்கு முந்தின நாள் மாலை அவரே வந்தார். முன்வாசல் வழியாக வந்தார். அதற்குமுன் ஒருபோதும் அப்படி வந்ததில்லை. தேய்த்த நீலச் சட்டை போட்டிருந்தார். கையில் சிவப்புத் தாள் ஒட்டிய கூடை, அதில் முட்டைகள். இன்னொரு கையில் கால் கட்டிய வாத்து. கழனி கொடுக்கும் வீடுகளுக்குப் பெருநாள் சமயத்தில் முட்டை கொடுப்பது பன்றி வளர்ப்பவர்களின் வழக்கம்தான். ஆனால் எங்கள் வீட்டிலிருந்து அவருக்கு மாதக்கணக்கில் ஒரு சொட்டுக் கஞ்சிகூடப் போகவில்லை. வாத்து எந்த வருடமும் வந்ததில்லை.

அம்மா பதறிப்போய் வேண்டாம் என்றார். அவர் அம்மாவைப் பார்க்கவில்லை. கூடையை என் காலருகில் வைத்தார். துவான் என்று தொடங்கி, பாடம் ஒப்பிப்பதுபோல மெதுவாக மலாயில் சொன்னார். குட்டிகளையெல்லாம் முன்பே விற்றுவிட்டேன். முந்தாநாள் இறைச்சிக்காரர் வந்து தாயையும் கொண்டுபோய்விட்டார். இப்போது என் வீட்டில் பன்றி ஒன்றுகூட இல்லை, வேண்டுமானால் வந்து பார்த்துக்கொள்ளுங்கள். நோட்டில் இருக்கும் என் பெயரை மட்டும் அடித்துவிடுங்கள். அடுத்த மாதம் என் பத்திரம் வரவேண்டும்.

அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அத்தனை நாள் திருத்தி வைத்த வாக்கியம் எங்கே போனதென்று தெரியவில்லை; உளறினேன். அரசாங்கம் ஒன்றும் சொல்லவில்லை. உத்தரவே இல்லை. எழுதியது நான், ஒட்டியது நான், அது புத்தகத்துக்குக் குத்துகிற முத்திரை. நோட்டு என்னுடையது, அதை யாரும் பார்க்கப் போவதில்லை. என்னைக் கொஞ்சமாவது நல்லவனாகக் காட்டிக்கொள்ள, காய்கறித் தோட்டத்தில் பெரியவர் சொன்னதைக் கேட்ட மறுநாளே அந்தத் தாளைக் கிழித்துவிட்டேன் என்பதையும் சேர்த்துச் சொன்னேன்.

அவர் நான் முடிக்கும்வரை கேட்டார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கேட்டது ஒரே ஒரு கேள்வி.

“பீலா தாவு?”

உனக்கு எப்போது தெரியும் என்கிறார். துவானும் இல்லை, தம்பியும் இல்லை.

பத்து நாளாகத் தெரியும் என்றேன்.

அவர் குனிந்து முட்டைக் கூடையை எடுத்துக்கொண்டார். வாத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அம்மாவிடம் மட்டும் தலையசைத்துவிட்டுப் படி இறங்கினார். மூன்று நாளைக்கு முன்னால் வந்து சொல்லியிருந்தால்கூடப் போதுமே என்று அவர் சொல்லவில்லை. அதை எனக்குச் சொல்ல அவர் தேவைப்படவில்லை.